கொற்றனின் முதற்புண்

"இனி அவனை இங்கே சேர்க்க வேண்டாம், அடிகளே."

குரத்தியார் மயிற்பீலியால் தரையைத் துடைத்துவிட்டுத் தடுக்கில் அமர்ந்தார்.

"எவனை?"

"கொற்றனை. மூன்றாம் முறையாகத் தைத்து எழுப்பியிருக்கிறேன். ஆறியதும் போகிறான், வெட்டுப்பட்டு வருகிறான். ஓட்டைக் குடத்தில் எத்தனை நாள் நீர் மொண்டு ஊற்றுவது?"

நெடுங்கரை மலையின் அடிவாரத்தில், நான்கு எல்லைக்கற்களுக்கு நடுவே அந்த ஆதுலசாலை இருந்தது. வெட்டும் குத்தும் பட்டு வருவோர்க்கு அங்கே மருந்து. அஞ்சி ஓடி வருவோர்க்குப் புகல். கற்களுக்கு உள்ளே எவரும் ஆயுதம் ஏந்தலாகாது. வருகிறவர் தம் அரிவாளையோ ஈட்டியையோ வாயிற்காவலரிடம் ஒப்படைக்க வேண்டும், போகும்போது பெற்றுக்கொள்ளலாம்.

சாலையை நடத்தியவர் சமணப் பெண்துறவியான குரத்தியார். புண்ணைத் தைத்தவர் சேந்தன். சேந்தனுக்குத் தலை நரைத்துவிட்டது. குரத்தியாருக்கு இன்னும் நரைக்கவில்லை. ஆயினும் கற்க வந்தவர் சேந்தனே.

"வைத்தியரே, உம்முடைய வைத்தியம் எங்கே முடிகிறது?" என்று கேட்டார் குரத்தியார்.

"புண் மூடும் இடத்தில்."

"கொற்றனுக்குப் புண் எங்கே இருக்கிறது?"

இத்தகைய கேள்விக்குச் சேந்தன் ஒருபோதும் தடுமாறியதில்லை.

"முதற்புண் முதுகில், இடத்தோட்பட்டைக்குக் கீழே. இரண்டாவது வலது முன்கையில். மூன்றாவது மார்பின் மேற்புறத்தில். மூன்றும் மூடிவிட்டன. நாளைக் காலையில் அனுப்பிவிடலாம்."

"இல்லை."

"எது இல்லை, அடிகளே?"

"போய்ப் பார்த்து வாரும்."

*

கூடத்தில் சாத்தியின் குரல் ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்தது. சாத்தி மருந்து காய்ச்சுகிறவள். அவள் கன்னத்தில் ஒரு பழைய வெட்டின் தழும்பு உண்டு; அவளும் ஒரு காலத்தில் இந்தக் கூடத்தில் கிடந்தவள்தான்.

"வைத்தியரையா, இந்த மனிதனை நீங்களே கேளுங்கள். மறுபடியும் வடக்கே தலைவைத்துப் படுத்திருக்கிறான். எமனுக்கு இவனே பாய் விரித்து வைக்கிறான்!"

"எமன் உன் கஷாயத்தை ஒருமுறை குடித்துப் பார்த்தானாம்" என்றான் கொற்றன். "அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வருவதில்லை."

பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் சிரித்து, தையல் இழுக்க, முனகினார்.

கட்டில்கள் எல்லாம் தெற்கே தலைமாடாக வரிசையாய்க் கிடந்தன. கொற்றனின் கட்டில் மட்டும் எதிர்ப்புறம் திரும்பியிருந்தது. நாள்தோறும் அவன் திருப்புவான். நாள்தோறும் சேந்தன் பழையபடி வைப்பார். இது திமிர் என்பது சேந்தனின் முடிவு.

அன்றும் கட்டிலைத் திருப்பி வைத்தார். கொற்றனின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். கையை மடக்கி நீட்டச் சொன்னார். மார்பில் விரலால் அழுத்தினார். எங்கும் ஈரமில்லை, வீக்கமில்லை.

குரத்தியாரிடம் திரும்பி வந்தார்.

"பார்த்தேன். மூன்றும் உலர்ந்துவிட்டன."

"யாரைக் கேட்டீர்?"

"தொட்டுப் பார்த்தேன். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?"

குரத்தியார் எழுந்தார். தம் தடுக்கைத் திருப்பிப் போட்டார். சேந்தனுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார்.

சேந்தன் காத்திருந்தார். குரத்தியார் திரும்பவில்லை. சினம் போலும் என்று எண்ணிக்கொண்டு அவர் வெளியே வந்தார்.

*

உணவு வேளை. எல்லாரும் வரிசையாக அமர்ந்து உண்டுகொண்டிருந்தார்கள். கொற்றன் மட்டும் கலத்தைக் கையில் ஏந்தி, சுவரில் முதுகைச் சாய்த்து, நின்றபடி உண்டான். அவன் கண்கள் வாசற்கதவின் மேல் இருந்தன.

சேந்தன் அதைப் பலமுறை பார்த்திருக்கிறார். இன்று அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"உட்கார்ந்து உண்டால் என்ன, கொற்றா?"

"இப்படியே பழகிவிட்டது."

"எப்போதிருந்து?"

கொற்றனின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. வைத்தியரை ஏற இறங்கப் பார்த்தான்.

"முதல் வெட்டு விழுந்ததிலிருந்து."

"எங்கே விழுந்தது?"

"முதுகில்தான். தைத்தவர் நீங்கள், என்னைக் கேட்கிறீர்களே."

"அதைக் கேட்கவில்லை. நீ அப்போது எங்கே இருந்தாய்?"

கொற்றன் கலத்தைக் கீழே வைத்தான்.

"சித்தப்பன் வீட்டில் விருந்து. வாய்க்கால் வழக்குத் தீர்ந்துவிட்டது, வந்து ஒருவாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று கூப்பிட்டார்கள். சித்தப்பன் மகன் பூதன் தன் கையாலேயே எனக்கு இலை போட்டான். நான் முதற்கவளத்தை எடுத்தேன். பின்னால் காலடி கேட்டது. நெய் ஊற்ற வருகிறார்கள் என்று நினைத்தேன்."

கொற்றன் தன் வலக்கையை விரித்துப் பார்த்தான்.

"என்னை இங்கே தூக்கி வந்தபோது என் வலக்கையைக் கழுவியது யார்?"

"நான்தான்."

"கையில் என்ன இருந்தது?"

சேந்தனுக்கு நினைவு வந்தது. விரல்களின் இடுக்கில் உலர்ந்து ஒட்டிய சோறு. புண்ணுக்கு ஆகாது என்று வெந்நீர் ஊற்றித் தேய்த்து, ஒரு பருக்கை விடாமல் எடுத்திருந்தார். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

"இதை ஊரில் நீ சொல்லவில்லையா?"

"இங்கே பார்க்க வந்தவர்களிடம் சொன்னேனே! நான் சொல்வதற்குள் பூதன் சொல்லி முடித்திருந்தான். சண்டைக்குக் கூப்பிட்டானாம், நான் ஓடினேனாம், ஓடும்போது வெட்டு விழுந்ததாம். ஊர் இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு நீங்கள் வாயிலில் வந்து நின்றீர்கள்."

அந்தச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆறியவன் வெளியேறும்போது, எல்லைக்கல்லின் அருகே அவன் சுற்றம் நிற்க, வைத்தியர் அவனுடைய புண்ணைச் சொல்ல வேண்டும்: எங்கே பட்டது, எவ்வளவு ஆழம், எப்படி ஆறியது. சாலையிலே கெடுத்துவிட்டார்கள் என்று பின்னர் எவரும் பழி கூறாதிருக்க அந்த ஏற்பாடு. சேந்தன் இதில் மிகுந்த கவனமுடையவர். புதிய புண்ணோடு பழைய புண்களையும் முறையாகச் சேர்த்தே சொல்வார்.

"'முதுகில்' என்றீர்கள்" என்றான் கொற்றன். "உரத்த குரலில், கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கும்படி. என் தாய்மாமன் சிரித்தார். நினைவிருக்கிறதா?"

"நீ பிழைத்த மகிழ்ச்சியில் சிரிக்கிறார் என்று நினைத்தேன்."

கொற்றன் அவரை வியப்போடு பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். சிரிப்பில் பகை இல்லை.

"நீங்கள் நல்லவர், வைத்தியரே. அதுதான் வினை. பூதன் சொன்னால் ஊர் பாதி நம்பும். நீங்கள் சொன்னால் முழுதும் நம்பும். முதுகுப் புண்காரன் போகிறான் என்று என் மனைவிக்கும் கேட்கும்படி பேசினார்கள்."

அவன் முன்கையைக் காட்டினான், மார்பைக் காட்டினான்.

"இவை இரண்டும் நானாகத் தேடிப் போய் வாங்கியவை. பாருங்கள், எல்லாம் முன்பக்கம். கைப்புண் ஆறிப் போனபோதும் நீங்கள் 'முதற்புண் முதுகில்' என்றே தொடங்கினீர்கள்."

"நாளைக்கு எங்கே போகிறாய்?"

"மடைக்கு. நாளை நீர்முறை பூதனுடையது, தனியாக நிற்பான்."

"அவன் உன்னைக் கொன்றுவிடுவான்."

"கொல்லட்டும். அல்லது நான் அவனைக் கொல்கிறேன். எதுவானாலும் முதுகில் இல்லை."

*

குரத்தியார் இன்னமும் முதுகைக் காட்டியே அமர்ந்திருந்தார். சேந்தன் அந்த முதுகை நோக்கிப் பேசினார்.

"அடிகளே, புண் எங்கே இருக்கிறது என்று கண்டேன்."

"எங்கே?"

"என் நாவில்."

குரத்தியார் திரும்பினார்.

"அவன் அரிவாளையாவது நாளை கொடுக்காமல் இருப்போம்" என்றார் சேந்தன். "இரண்டு உயிர் மிஞ்சும்."

"நம்மை நம்பிக் கொடுத்த பொருள். திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்."

"போகாதே என்று தாங்கள் சொன்னால் அவன் கேட்பான்."

"கேட்பான். என் கண் மறையும்வரை."

"அப்படியானால் நான் என்ன செய்வது?"

"நாளைக்கு உமக்கு என்ன வேலை?"

"புண் சொல்லும் வேலை."

"அதைச் செய்யும்" என்றார் குரத்தியார். "ஒன்றும் விடாமல்."

சேந்தன் கூடத்தின் வழியாகத் திரும்பினார். கொற்றனின் கட்டில் மறுபடியும் வடக்கே தலைமாடாகக் கிடந்தது. அதில் படுத்தால் வாசற்கதவு நேராகத் தெரியும். மற்றக் கட்டில்களில் படுத்தவர்க்குக் கதவு தலைக்குப் பின்னால் இருந்தது.

"திருப்பட்டுமா, ஐயா?" என்றாள் சாத்தி.

"அப்படியே இருக்கட்டும்."

"வடக்காயிற்றே!"

"இருக்கட்டும், சாத்தி."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கஷாயச் சட்டியைக் கொற்றனின் தலைமாட்டிலிருந்து, அவன் கண்ணில் படும் கால்மாட்டுக்கு மாற்றி வைத்தாள்.

*

காலையில் எல்லைக்கல்லின் அருகே கொற்றனின் ஊரார் கூடியிருந்தார்கள். தாய்மாமன் முன்னே நின்றார். காவலர் அரிவாளைக் கொண்டுவந்து கொடுத்தார். கொற்றன் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். அவன் பார்வை ஊர் இருந்த திசையில் இல்லை. மடை இருந்த திசையில் இருந்தது.

"சொல்லுங்கள், வைத்தியரே" என்றார் தாய்மாமன். "எங்களுக்கு மனப்பாடம்தான். இருந்தாலும் சொல்லுங்கள்."

இரண்டொருவர் சிரித்தனர்.

சேந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூன்றாம் புண் மார்பில்; ஆறிவிட்டது. இரண்டாம் புண் முன்கையில்; ஆறிவிட்டது. முதற்புண் முதுகில்."

"அதுதானே!" என்றது ஒரு குரல்.

"வெட்டு மேலிருந்து நேர்கீழாக இறங்கியிருக்கிறது. ஓடுகிறவனை அப்படி வெட்ட இயலாது, நிற்கிறவனையும் இயலாது. இவர் அமர்ந்திருந்தார். இவருடைய வலக்கையில் சோறு இருந்தது. அதைக் கழுவியவன் நான். இவை முன் இரண்டு முறையும் நான் சொல்லியிருக்க வேண்டியவை, சொல்லவில்லை."

சிரிப்பு நின்றது. கூட்டத்தில் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் முகத்தைப் பார்த்தார். அன்றைய விருந்து யார் வீட்டில் என்பது எல்லாருக்கும் தெரியும்.

தாய்மாமன் கொற்றனைப் பார்க்க முயன்றார்; முடியவில்லை. தரையைப் பார்த்தார்.

"அந்தப் புண் ஆறிவிட்டதா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை."

"இல்லையா? பிறகு எப்படி அனுப்புகிறீர்கள்?"

"அனுப்பவில்லை" என்றார் சேந்தன். "உடன் போகிறேன்."

அவர் எல்லைக்கல்லைத் தாண்டினார். புண் தைக்க வந்த நாள் முதலாக, ஒரு நோயாளியோடு அவர் அந்தக் கல்லைத் தாண்டியதில்லை. குரத்தியார் உள்ளே நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊராரை முன்னே போகவிட்டு இருவரும் நடந்தார்கள்.

"நீ முன்னே நட, கொற்றா. உன் பின்னால் நான் வருகிறேன். உன் முதுகுக்கு நான் காவல்."

கொற்றன் இரண்டு அடி நடந்தான். நின்றான். அவன் பிடரியில் வியர்த்திருந்தது.

"பின்னால் வராதீர்கள்."

"நான்தானே?"

"யாரானாலும். நீங்கள் முன்னே போங்கள்."

சேந்தன் முன்னே நடந்தார்.

ஊரார் தொலைவில் சென்று மறைந்தார்கள். பாதையில் வேறு எவரும் இல்லை. பின்னால் கொற்றனின் காலடி கேட்டது. ஒவ்வோர் அடிக்கும் அவன் இடுப்பில் அரிவாளின் பிடி எதிலோ இடித்துச் சிறிதாக ஒலித்தது. நேற்றுவரை அவன் மேல் எத்தனை முறை சினந்திருக்கிறோம், கல்லின் அருகே நின்று எத்தனை முறை அவன் மானத்தை அறுத்திருக்கிறோம் என்று சேந்தன் எண்ணினார். அவருடைய இரண்டு தோள்களுக்கும் நடுவே, ஓர் உள்ளங்கை அளவுக்கு, குளிர்ந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அவர் திரும்பவில்லை.

பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மடைக்கு, மற்றொன்று ஊருக்கு. எது எதற்கென்று சேந்தனுக்குத் தெரியாது. அவர் நின்றார். பின்னால் காலடியும் நின்றது.

அரிவாளின் ஒலியும் நின்றது.

"பயமாக இருக்கிறதா, வைத்தியரே?"

"இருக்கிறது."

"எங்கே?"

சேந்தன் கையைப் பின்னால் வளைத்து, அந்த இடத்தைத் தொட முயன்றார். கை எட்டவில்லை.

கொற்றன் முன்னே வந்து அவர் பக்கத்தில் நின்றான்.

"எனக்கும் அங்கேதான்" என்றான். "இந்தப் பக்கம் வாருங்கள். வீடு இப்படிப் போக வேண்டும்."