கரை தேடிப் போன காக்கை

கடல் கோபித்துக்கொண்டால் சமாதானம் பேச ஆள் கிடையாது, கேளுங்கள். அப்படிக் கடல் கோபித்த ஒரு பழங்காலத்தில் சேந்தன் என்ற வணிகன், தன் தம்பி மாறனோடு மிளகு ஏற்றிக்கொண்டு கப்பலில் போனான்.

புயல் வந்தது. பாய்மரத்தை முறித்தது, மீன் பிடிக்கும் வலைகளை வாரிக்கொண்டு போனது. ஓய்ந்த பின்னும் மேகம் விலகவில்லை. பகலில் சூரியன் இல்லை, இரவில் விண்மீன் இல்லை, கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தூறல் நீரைப் பிடித்துக் குடித்தார்கள். அரிசிப் பானையில் அடி தெரிந்தது.

அந்தக் காலத்துக் கப்பல்களில் கூண்டில் காக்கை வளர்ப்பார்கள். வழி தவறினால் பறக்க விடுவார்கள். கரையைக் கண்டால் காக்கை அங்கே போய்விடும். காணாவிட்டால் கப்பலுக்கே திரும்பும். சேந்தனிடம் மூன்று காக்கைகள் இருந்தன.

முதல் காக்கையை விட்டார்கள். திரும்பி வந்தது. "நாசமாப் போன சகுனம்!" என்று மாலுமிகள் அதன் கழுத்தைத் திருகிக் குழம்பு வைத்தார்கள். இரண்டாவதை விட்டார்கள். திரும்பி வந்தது. அதுவும் சட்டிக்குப் போயிற்று. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். இவர்களுக்குப் புத்திதான் முதலில் பறந்தது.

மூன்றாவதை விட்டார்கள். அதுவும் திரும்பி வந்தது. மாலுமித் தலைவன் காரி கத்தியோடு வந்தான். சேந்தன் கூண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"கரை இல்லைன்னா இல்லைன்னு சொல்லுது. அது என்னய்யா தப்புப் பண்ணுச்சு? நீரோட்டம் கப்பலைக் கொஞ்சம் தள்ளட்டும், பொறுங்க. அப்புறம் மறுபடியும் விடலாம்."

"உங்க தம்பி மூஞ்சியைப் பாருங்கய்யா. ரெண்டு வாய் குழம்பு உள்ள போனா பிழைச்சுக்குவாரு," என்றான் காரி.

சேந்தன் பார்த்தான். மாறனுக்குக் கண் குழி விழுந்திருந்தது. தன் பங்குக் கஞ்சியைத் தம்பிக்கும் காக்கைக்கும் பகிர்ந்து கொடுத்தான். கூண்டை மட்டும் விடவில்லை. மறுநாள் காலையில் மாறன், "அண்ணே, கரை வந்துருச்சா?" என்று கேட்டான்.

"வரும்டா."

சேந்தன் சொல்லி முடிப்பதற்குள் தம்பியின் மூச்சு நின்றுவிட்டது. அவனைக் கடலில் இறக்கினார்கள். பொறு பொறு என்று சொல்லியே தம்பியைக் கொன்றுவிட்டேனே என்று சேந்தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுத கையோடு கூண்டைத் திறந்தான்.

காக்கை மேலே ஏறியது. சுற்றியது. ஒரு பக்கமாகப் போய் மறைந்தது. காத்திருந்தார்கள். அது வரவில்லை.

"இருந்த ஒண்ணும் செத்துருச்சு," என்று காரி உட்கார்ந்துவிட்டான்.

"வரலைன்னா கரை இருக்குய்யா! அது போன பக்கமே துடுப்புப் போடுங்க," என்றான் சேந்தன்.

மாலைக்குள் தென்னைகள் தெரிந்தன. கரையில் இருந்தவர்கள் சோறு கொடுத்தார்கள். எல்லோரும் வாரி வாரித் தின்றார்கள். சேந்தன் மட்டும் முதல் பிடியை இலையில் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டான். மரத்திலிருந்து காக்கை இறங்கி வந்து கொத்தியது. "தின்னுடா மாறா," என்று சொல்லி அவன் மணலில் முகம் புதைத்தான்.

கரை தெரியாத காலத்தில், கசந்தாலும் மெய் சொல்வதைக் கொன்றுவிடாமல் பொறுத்திருப்பதே நம்பிக்கை.