தோற்றேன் என்று சொல்லாதவன்

எந்த நாடு என்று கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவர் சபையில் மாசிலான் என்றொரு விகடன். அவன் வாயைத் திறந்தால் சபையே வயிறு வலிக்கச் சிரிக்கும். சபை கலைந்ததும் அவரவர் தம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாசிலானின் மனைவி இறந்தபின் அவன் வீட்டுப் படியை ஒருவரும் மிதித்ததில்லை. அதனால் இரும்பும் மரமும் சேர்த்து ஓர் எந்திர மனிதனை அவனே செய்துகொண்டான். முதுகில் சாவி கொடுத்தால் நடப்பான், தலையாட்டுவான். பேச வராது என்பதால் அவனுக்கு ஊமையன் என்று பெயர்.

ஒருநாள் ராஜாவுக்கு மற்போர் பார்க்க ஆசை வந்தது. அதற்கு அவர் விதித்த விதி பயங்கரமானது. தோற்றவன் தன் வாயால் ‘தோற்றேன்’ என்று சொல்லவேண்டும். இல்லையேல் உயிரை விடவேண்டும். களத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டியவனும் தோற்றவனே.

விகடன்மேல் வெகுநாளாகப் பொறாமை கொண்டிருந்த தளவாய் கொண்டமர் எழுந்தார்.

“மகாராஜா, என் மல்லன் கெம்பனோடு மாசிலான் மோதட்டும். வாயால் எல்லோரையும் வீழ்த்துகிறவன் கையாலும் வீழ்த்துவதைப் பார்ப்போமே!”

“பலே! இறங்கு, மாசிலா!” என்றார் ராஜா.

“உத்தரவு, பிரபு. எனக்கு முன்னால் நிற்க ஒரு துணை வேண்டும். துணை தோற்ற பிறகே கெம்பன் என்னைத் தொடவேண்டும்.”

“உன்னோடு சாக எவன் வருவான்?” என்று தளவாய் சிரித்தார். ராஜாவும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

போட்டியன்று காலை மாசிலான் ஊமையனின் மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டான். “நீ வராவிட்டால், ‘தோற்றேன்’ என்று வாய் திறக்குமுன்பே கெம்பனின் ஒரே குத்தில் நான் செத்துப்போவேன். வந்தால் நீ உடைந்துபோவாய். என்ன செய்யட்டும், சொல்லடா!”

ஊமையன் தலையாட்டினான்.

களத்தில் கெம்பன் மலைபோல வந்தான். முதல் குத்திலேயே ஊமையனின் தோள் பிய்ந்தது. அடுத்த குத்தில் தலை உருண்டது. கூட்டம் ஆரவாரித்தது. கெம்பன் மாசிலானை நோக்கித் திரும்பினான்.

“நில்லப்பா. அவன் தோற்றேன் என்று சொன்னானா?”

“அதுக்குத்தான் வாயே இல்லையே, சாமி!”

“அப்படியானால் அவன் உயிரை எடு.”

கெம்பன் விழித்தான். கால்களை முறித்தான், நெஞ்சைப் பிளந்தான். உள்ளே பற்சக்கரம் ஒன்று இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் மாசிலான் கண்ணை மூடிக்கொண்டான்.

“இரும்புக்கு ஏது உயிர்?” என்று தளவாய் கத்தினார்.

“இல்லாத உயிரை எப்படி விடுவான், தளவாயே? போர் நடக்கட்டும்.”

வெயில் ஏறியது. கெம்பனின் கைகள் வீங்கி, நாக்கு வறண்டது. தண்ணீர்ப் பானையோ கோட்டுக்கு வெளியே இருந்தது. கடைசியில் அவன் மண்டியிட்டான். “என்னால முடியல. நான் தோத்தேன்.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தளவாயின் முத்துமாலையைக் கழற்றச் சொல்லி மாசிலானுக்குப் போட்டார். “இன்னும் என்ன வேண்டும்? கேள்!”

மாசிலான் உடைந்த துண்டுகளைத் தன் மேல்துண்டில் பொறுக்கிக்கொண்டிருந்தான். “என் எதிரே உட்கார்ந்து சாப்பிட ஒருவர் வேண்டும், பிரபு.”

அன்றைக்கு அவன் சொன்னதிலேயே பெரிய வேடிக்கை அதுதான் என்று ராஜா மறுபடி சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தபடியே கலைந்து போனது.

கெம்பன் மட்டும் போகவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, வீங்கிய கையால் இரும்புக் கால் ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

“எனக்கும் இந்த ஊர்ல யாரையும் தெரியாது, சாமி. உங்க வீடு எந்தப் பக்கம்?”