தொடைக்கறிக்கு மட்டும் வரும் கிருமி

மாட்டுக்கறிக் கடைகளுக்குப் புதுச் சட்டம் வந்ததிலிருந்து, சுகாதார ஆய்வாளர் தணிகாசலத்தின் ஜீப் ஞாயிறு தவறாமல் மரியபுஷ்பத்தின் கடை வாசலில் வந்து நின்றது. மூக்கைச் சுளித்து, "இதுல கிருமி இருக்கு" என்பார். தொடைக்கறி ஜீப்பில் ஏறிவிடும். எலும்புக்கோ குடலுக்கோ ஒருநாளும் கிருமி வந்ததில்லை. அது ஏன் என்றுதான் மரியபுஷ்பத்துக்கு விளங்கவே இல்லை.

இந்த ஞாயிறும் வந்தார். "ஏம்மா, கறி கெட்டுப்போச்சு. ஜீப்புல ஏத்து. இல்லேன்னா கடைக்குச் சீல் வெச்சிடுவேன்."

கறி வாங்க வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது.

"ஏத்திடறேன் சார்," என்று மரியபுஷ்பம் பினாயில் பாட்டிலைத் திறந்தாள். "கெட்ட கறிமேல பினாயில் ஊத்தித்தான் வெளிய அனுப்பணும்னு நீங்க ஒட்டின நோட்டீஸ்லயே இருக்கு."

பாட்டில் சாய்வதற்குள் தணிகாசலம் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். "இரும்மா. அவ்வளவு ஒண்ணும் கெடலை."

"அப்போ விக்கலாமா சார்?"

கூட்டம் அவர் வாயையே பார்த்தது.

"வித்துக்கோ," என்று முணுமுணுத்தபடி ஜீப்பில் ஏறினார்.

"சார், நல்லா வேகவெச்சுத்தான் சாப்பிடணும்னும் நோட்டீஸ்ல போட்டிருக்கு," என்றாள் மரியபுஷ்பம். "போன வாரக் கறியை வேகவெச்சுதானே சாப்பிட்டீங்க?"