தொண்ணூற்றாறு மார்க்குத் தாம்பத்தியம்

சுண்டங்காட்டூரில் புத்திசாலி யாரென்று கேட்டால் ஊரே கையைத் தூக்கும். உலகநாதன் மட்டும் இரண்டு கையையும் தூக்குவான். பத்தாவது வரை படித்தவன் என்ற தைரியம்.

அவனுக்கும் தாயம்மைக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. சுற்றாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. கடைசியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஆலோசனை சொல்லும் அம்மா ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார்.

“பிள்ளைக்காக ஏங்கி ஏங்கியே புருஷன் பொண்டாட்டிக்கு மனசு அலுத்துப் போகும். உங்க தாம்பத்தியம் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் இது. இருபது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மார்க். ரெண்டு பேரும் பேசிக்காம எழுதணும். ஒண்ணையும் விட்டுறாதீங்க. செவ்வாய்க்கிழமை கொண்டாங்க.”

மார்க் என்றதும் உலகநாதன் தாளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பத்தாவதில் நாலு தடவை கோட்டை விட்டவன் அவன். பாஸானால்தான் வைத்தியம், வைத்தியம் நடந்தால்தான் பிள்ளை என்று முடிவு கட்டிக்கொண்டான்.

பேசக்கூடாது என்றுதானே சொன்னார்கள்? ஆஸ்பத்திரி வாசலிலேயே இருவரும் வாயை மூடினார்கள். ஊர் வந்ததும் தாயம்மை பஸ்ஸை விட்டு இறங்கினாள். தூங்கும் புருஷனை எழுப்பினால் பேசியதாகிவிடுமே என்று அப்படியே விட்டுவிட்டாள். அவன் கடைசி நிறுத்தத்தில் விழித்து ஆறு மைல் நடந்து வந்தான். என்ன கெட்டிக்காரி என்று வழியெல்லாம் பெருமைப்பட்டான்.

மறுநாள் குழம்பில் உப்பில்லை. அதைச் சொன்னால் பேச்சாகிவிடும். அவன் பேசாமல் தின்றான். அவன் ஒன்றும் சொல்லாததால், அவனுக்கு அப்படித்தான் பிடிக்கிறது என்று அவளும் தினமும் உப்பில்லாமல் வைத்தாள்.

நாலாம் நாள் உலகநாதனால் தாங்க முடியவில்லை. ஒன்பது வருஷமாகப் பிள்ளைக்கு ஏங்கியவன், இப்போது பொண்டாட்டி குரலுக்கு ஏங்கினான். அவள் ஆட்டுக்குட்டியைத் திட்டினால்கூட ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று காது குளிரக் கேட்டான்.

அன்றைக்குத்தான் பதினாலாம் கேள்வி அவனை மடக்கியது. ‘சமீபத்தில் உங்களுக்குள் வந்த சண்டையை விவரிக்கவும்.’ தாளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பொன்னுலிங்கம் வீட்டுக்கு ஓடினான். அண்ணனுக்கு நாலு பிள்ளைகள்.

“அண்ணே, நாங்க சண்டையே போட்டதில்லையே! ஒண்ணையும் விடக்கூடாதுன்னாங்களே!”

“ஏலே, எங்க வீட்டுல தினம் மூணு நடக்கு. ஒண்ணை எழுதிக்கோ.”

“அது உங்க சண்டைல்லா? பொய்யாயிரும்.”

“அப்ப நீங்களே ஒண்ணு போடுங்க.”

“பேசக்கூடாதே அண்ணே!”

பொன்னுலிங்கம் வெகுநேரம் யோசித்தார். “நீங்க சும்மா நில்லுங்க. உனக்கு நான் பேசுதேன். தாயம்மைக்கு உங்க மதினி பேசட்டும்.”

முற்றத்தில் உலகநாதனும் தாயம்மையும் எதிரும் புதிருமாக நின்றார்கள். அண்ணன் கனைத்துக்கொண்டு, “குழம்புல ஏன் உப்பில்ல?” என்றார். மதினி சிவனம்மா, “கொண்டுவந்து குடுத்தாத்தானே போடுறதுக்கு?” என்றாள். அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அண்ணன் மாமனார் வீட்டை இழுத்தார். மதினி அவர் மூக்கை இழுத்தாள். கல்யாணப் பந்தியில் பாயசம் பத்தாமல் போனது வரை வெளியே வந்தது. தாயம்மை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளைப் பார்த்து உலகநாதனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

‘எங்கள் சார்பில் அண்ணனும் மதினியும் போட்டார்கள்’ என்று இருவரும் எழுதினார்கள்.

செவ்வாய்க்கிழமை துணைக்கு வந்த அண்ணனும் மதினியும் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா பாவப்பட்டு அவர்களுக்கும் தாள் கொடுத்தார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். உலகநாதன் ஜோடிக்குத் தொண்ணூற்றாறு. அண்ணன் ஜோடிக்கு முப்பத்தொன்று.

“அடுத்த மாசமே வைத்தியத்தை ஆரம்பிச்சிரலாம்,” என்று அவர் சொன்னதும், “பாஸாயிட்டோம் தாயம்மை!” என்று உலகநாதன் கத்தினான். “குழம்புக்கு உப்புப் போடலாமா இனிமே?” என்றாள் தாயம்மை. ஒரு வாரம் கழித்துக் கேட்ட குரல். அவன் அங்கேயே அழுதுவிட்டான்.

பொன்னுலிங்கத்தின் முகம் மட்டும் பேயறைந்த மாதிரி இருந்தது. “பாஸானாத்தான் பிள்ளைன்னா, பெயிலானவன் வீட்டுல நாலு இருக்கே. தப்பா வந்திருக்கும் போலிருக்கே. பிள்ளைகளைத் திருப்பிக் கேட்பாங்களே!” சிவனம்மா சண்டையை மறந்து அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

உலகநாதன் தாயம்மையைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். மேஜைக்கு முன்னால் போய்க் கைகட்டி நின்றான்.

“அம்மா, பாஸுக்கு முப்பத்தஞ்சு வேணும். எங்க மார்க்குல நாலை எடுத்து அண்ணனுக்குப் போட்டுருங்க. பிள்ளைக்கு ஒண்ணுன்னு வச்சுக்கலாம்.”

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முப்பத்தொன்றை அடித்து முப்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் உலகநாதன் கதவைத் திறந்தால், ஊரே அவரவர் பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறது, ஆளுக்கு நாலைந்து மார்க்காவது கொடுக்கச் சொல்லி. அவர்களில் ஒருவர்கூட அந்தத் தாளைக் கண்ணால் பார்த்ததில்லை. எழுதினால் எவ்வளவு வருமென்று அவரவருக்கே தெரிந்திருந்தது.