ஆவாரை ஆடிய ஆட்டம்

பனங்காட்டின் ஓரத்தில் ஒரு புங்கமரப் பொந்து. அதற்குள் ஆயிரக்கணக்கான தேனீக்கள் குடியிருந்தன. அவற்றில் ஆவாரை என்றொருத்தி. பூ தேடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

தேனீக்களிடம் ஓர் அதிசயம் உண்டு. பூ இருக்கும் இடத்தை மட்டும் அவை வாயால் சொல்வதில்லை. தேனடைமேல் ஏறி, உடம்பைக் குலுக்கி ஆடிக் காட்டும். எந்தத் திசை, எவ்வளவு தூரம், எல்லாம் அந்த ஆட்டத்திலேயே இருக்கும். கண்டவள் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிடுவாள். கடுகளவு மூளைக்குள் இத்தனையையும் வைத்த ஆண்டவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

ஒருநாள் மத்தியானம் ஆவாரை பனைமரத்துக் கள்ளுக் கலயத்தின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். கலயத்துப் பக்கமே போகக்கூடாது என்பது ராணி போட்ட சட்டம். ஆனால் இவள் கெட்டிக்காரி அல்லவா! காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு ஒரு சொட்டு உறிஞ்சினாள். தலை லேசாகச் சுற்றியது. மற்றபடி ஜம்மென்று வீடு வந்து சேர்ந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். வந்த மிதப்பில் தேனடைமேல் ஏறி ஆடிவிட்டாள். அவளைக் கண்மூடி நம்பும் தங்கை பிச்சி உடனே பறந்து போனாள். பாவம், பிச்சிக்குச் சிறகில் வலு குறைவு.

நெடுநேரமாகியும் பிச்சி திரும்பவில்லை. ஆவாரை கலயத்தை நோக்கிப் பறந்தாள். பதறிக்கொண்டு போய்ப் பார்த்தால், பிச்சி கள் நுரைக்குள் கிடந்து துடிக்கிறாள். அவளை இழுத்து விளிம்பில் ஏற்றுவதற்குள் ஆவாரைக்குப் பாதி உயிர் போய்விட்டது. வெயிலில் சிறகு காய்ந்ததும் இருவரும் வீடு திரும்பினார்கள். இனிப் பயமில்லை என்று ஆவாரை நினைத்தாள்.

கூட்டுக்குள் நுழைந்ததும் பிச்சி என்ன செய்தாள் தெரியுமா? நேரே தேனடைமேல் ஏறினாள். அக்கா ஆடிய அதே ஆட்டத்தை, ஓர் அசைவு பிசகாமல் ஆடத் தொடங்கினாள். கள் ருசி அவளைப் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் நூறு தேனீக்கள் கூடிவிட்டன. ஒவ்வொன்றாகச் சிறகை விரித்தன.

ஆவாரை நடுங்கிப்போனாள். தான் ஆடி முடித்த ஆட்டம் இன்னொருத்தி உடம்பில் ஏறி ஆடுகிறதே! தடுத்தால் தன் குட்டு வெளியாகிவிடும். அப்புறம் அவள் ஆட்டத்தை யாருமே நம்பமாட்டார்கள். பூ தேடுகிறவளுக்கு அந்த நம்பிக்கையை விட்டால் வேறென்ன இருக்கிறது?

ஆடுகிறவளை நிறுத்தத் தேனீக்களுக்கு ஒரே வழிதான், தலையால் முட்டுவது. ஆவாரை பாய்ந்து போய்ப் பிச்சியை முட்டினாள்.

"எதற்கு அக்கா முட்டுகிறாய்? நீ காட்டிய வழிதானே இது?" என்றாள் பிச்சி.

"ஆமாம், நான் காட்டிய வழிதான். அது கள்ளுக் கலயத்துக்குப் போகிற வழி. என்னால் இவள் சாகக் கிடந்தாள். யாரும் போகாதீர்கள்!"

கூடு முழுக்க ரீங்காரம் அடங்கியது. விரித்த சிறகுகள் எல்லாம் மெல்ல மடங்கின.

மறுநாள் ஆவாரை ஒரு புளியமரம் நிறையப் பூவைக் கண்டுவந்து ஆடினாள். ஒருத்தியும் அசையவில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. நூறு பேரும் உயிரோடு நின்று தன்னைச் சந்தேகமாகப் பார்ப்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

நாம் செய்யும் பாவத்துக்கு மட்டுமல்ல, நம்மைப் பார்த்து அதில் விழுகிறவர்களுக்கும் ஆண்டவர் நம்மிடம்தான் பதில் கேட்பார்.