நடுவில் இருபது மைக்ரான்

வரதனுக்கு அறுபத்து மூன்று வயது. ஆற்றங்கரை மடத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மடத்தின் குரு உமையாள் அம்மைக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர் முன்னால் வரதன் கைகட்டித்தான் நிற்பார்.

ஒருநாள் காலை வரதன் கேட்டார். "ஆறு வருஷமா கண்ணை மூடி உட்கார்றேன் அம்மா. உள்ளே ஒண்ணும் அடங்கலையே, ஏன்?"

"உள்ளே என்ன இருக்கு?"

வரதன் சொன்னார். நாணயத்துக்கான வில்லைகள் செய்யும் ஆலையில் அவர் சோதனை அதிகாரியாக இருந்தவர். உள்ளே இரும்பு, மேலே செம்பு முலாம். முலாம் இருபத்தைந்து மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு, கனம் இருக்க வேண்டும். இரண்டு மைக்ரான் கூடலாம், குறையலாம். அதற்கு மேல் குறைந்தால் மொத்தச் சரக்கையும் தள்ளிவிட வேண்டும்.

"ஒரு தடவை அவசரம்னு மேலாளர் முலாம் தொட்டியில நேரத்தைக் குறைக்கச் சொல்லிட்டார். வில்லையோட நடுவுல அளந்தேன். இருபதுதான் வந்தது. ஓரத்துல முலாம் எப்பவும் தடிப்பா ஏறும். அங்கே அளந்தா இருபத்தஞ்சு. விதிப்படி நடுவுலதான் அளக்கணும். நான் ஓரத்தை அளந்து எழுதினேன்."

"பிறகு?"

"ஒரு மழைக்காலம் தாங்கலை. காசெல்லாம் நடுவுல துருப்பிடிச்சுது. விசாரணை வந்தது. நேரத்தைக் குறைக்கச் சொல்லவே இல்லைன்னு மேலாளர் கையை விரிச்சுட்டார். பதிவேட்டுல என் அளவு சரியா இருந்ததால, தொட்டியைப் பார்த்துக்கிட்ட சூசை மேல பழி விழுந்தது. நல்ல வில்லைகளை எனக்குக் காட்டிட்டு, மிச்சத்துக்கான செம்பைத் திருடி வித்துட்டான்னு. வேலை போச்சு. ரெண்டு வருஷத்துல ஆளும் போயிட்டான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

உமையாள் அம்மை எழுந்திருக்கவில்லை. வேறு எதுவும் கேட்கவும் இல்லை. படித்துறையில் யாரோ துணி துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து வரதனே வாயைத் திறந்தார்.

"விசாரணைக்கு முந்தின நாள் சூசை என் வீட்டுக்கு வந்தான். 'சார், எங்கே அளந்தீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க சார், எனக்கு அது போதும்'னு வாசல்ல நின்னான். நான் உள்ளேதான் இருந்தேன். ஊர்ல இல்லைன்னு மனைவியைச் சொல்லச் சொன்னேன். அவன் நம்பிட்டான். வந்ததும் சொல்லுங்கம்மான்னு கும்பிட்டுட்டுப் போனான். ஜன்னல் வழியா பார்த்தேன். விரலெல்லாம் தொட்டித் தண்ணியோட பச்சை..."



குரு அவரைத் தேற்றவில்லை. "அவர் குடும்பம் எங்கே இருக்கு?"

"மணப்பாட்டுல."

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

மறுநாளே வரதன் கிளம்பினார். மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தபோது முகம் கறுத்துப்போயிருந்தது.

"சூசை சம்சாரம் போன மாசியிலேயே இறந்துட்டாங்களாம். மக மட்டும் இருக்கு. பள்ளிக்கூடத்துல ஆயா வேலை. உங்க அப்பாகூட வேலை செஞ்சவன்னு சொன்னேன். 'அவர் திருடினதால எங்க அம்மா கோயிலுக்குக்கூடப் போகாம செத்துப்போச்சு'ன்னு சொல்லிச்சு. குடிக்கத் தண்ணி குடுத்துது. குடிச்சுட்டு வந்துட்டேன்."

"சொல்லலையா?"

"வாய் வரலை அம்மா. கேட்க வேண்டிய ரெண்டு பேரும் போயிட்டாங்க. இனிமே சொன்னா என் மனசு ஆறுமா?"

"ஆறாது."

"அந்தப் பொண்ணு என்னை மன்னிக்குமா?"

"மன்னிக்காது."

வரதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்புறம் எதுக்கு அம்மா நான் போகணும்?"

"அந்த வீட்டுச் சுவர்ல யார் படம் மாட்டியிருந்தது?"

"மாதா படம். பக்கத்துல அவங்க அம்மா படம், மாலை போட்டு."

"அப்பா படம்?"

"அது இல்லை அம்மா."

"நாலரைக்கு ஒரு பஸ் இருக்கு," என்றார் உமையாள் அம்மை.