சிறைக்கூடத்தில் கதை சொன்ன பொறையனார்

கொன்றைமங்கலத்தில் சுண்ணாம்பு சுட்டு வாழ்ந்தவர் பொறையனார். கோயில் மதிலுக்குப் பூசும் சுண்ணாம்பெல்லாம் அவர் சூளையில் வெந்ததுதான். கண் சிவந்து, தலைமுதல் கால்வரை வெளுத்துத் திரியும் அவரைக் கண்டால், "பூசாமலே திருநீறு!" என்று ஊரார் கேலி பேசுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மாலையில் குளித்துவிட்டு, கோயில் வாசலில் நின்று கும்பிட்டபின், யார் கேட்டாலும் ஈசன் கதையைச் சொல்லுவார். வண்டிக்காரரும் பிச்சைக்காரரும்தாம் கேட்க வருவார்கள். "பெரியவங்க சொல்லக் கேட்டது. எனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்றேன்" என்றுதான் தொடங்குவார்.

சூளைக்குக் கிளிஞ்சல் ஏற்றிய வண்டியோடு வந்த அவருடைய ஒரே மகன் சேந்தனை எவனோ மருதந்துறையில் வெட்டிப் போட்டுவிட்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான். அப்போதும் அவர் கதையை நிறுத்தவில்லை, அழுதுகொண்டே சொன்னார். மனைவி நங்கையார்தாம் அன்றுமுதல் கோயில் பக்கமே போகவில்லை.

மறு ஆண்டு வழிப்பறிக் கள்வன் ஒருவன் பிடிபட்டான். பொழுது சாய்வதற்குள் அவனைக் கழுவேற்ற வேண்டும் என்பது அரசன் ஆணை. கடைசி ஆசை என்னவென்று கேட்டதற்கு, "சாமி கதை ஒண்ணு கேக்கணும். எனக்கு யாருமே சொன்னதில்லை" என்றான். படித்த பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கொலைகாரனுக்குச் சொன்னால் கதைக்குத் தீட்டாம்! காவலன் கடைசியில் சூளைக்கு ஓடிவந்தான். பொறையனார் கையைக் கழுவிக்கொண்டு உடனே புறப்பட்டார்.

சங்கிலியில் கிடந்தவனுக்கு எதிரே அமர்ந்து, கடலில் எழுந்த நஞ்சைக் கண்டு தேவரெல்லாம் ஓடியதையும், ஈசன் மட்டும் அதைக் கையில் ஏந்தியதையும் சொல்லிவந்தார். கள்வன் விம்மத் தொடங்கினான்.

"என் விஷத்தையும் அவர் வாங்கிக்குவாரா ஐயா? போன வருஷம் மருதந்துறையில கிளிஞ்சல் வண்டி ஓட்டிட்டு வந்த ஒரு பையன்... மாட்டுக்கு ஆசைப்பட்டு வெட்டிப்புட்டேன். கையெடுத்துக் கும்பிட்டான் ஐயா, நான் விடலை."

ஐயோ, இதையும் ஒரு தகப்பன் காதால் கேட்க வேண்டுமா! பொறையனார் எழுந்துவிட்டார். அவர் கை அவன் கழுத்தை நோக்கிப் போனது. எதிரே இருப்பவர் யாரென்று அறியாத அவனோ, "அப்புறம் என்னாச்சு? சாமி குடிச்சாரா?" என்று கேட்டான்.

வெளியே கழுவேற்ற அழைக்கும் பறை முழங்கியது. இப்போது சொல்லாவிட்டால் அவன் கதையின் முடிவு தெரியாமலே செத்துப்போவான். பொறையனார் மறுபடி உட்கார்ந்தார்.

"குடிச்சாருப்பா. ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சாரு. சிவசிவான்னு சொல்லு. நானும் கூடச் சொல்றேன்."

தாம் யாரென்று கடைசிவரை அவனிடம் சொல்லாமல், கழுமரம்வரை அந்த நாமத்தைச் சொல்லிக்கொண்டே உடன் நடந்தார்.

வீட்டில் அவர் நடந்ததைச் சொல்லக் கேட்டதும் நங்கையார், "என் புள்ளையக் கொன்னவனுக்கா கதை சொன்னீங்க?" என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சுடு நங்கை. அவன் கழுத்தை நெரிக்கவும்தான் கை போச்சு. சாமி கதை சொல்ல எனக்கென்ன யோக்கியதை? இனிமே சொல்லமாட்டேன்."

அப்போதுதான் காவலன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"ஐயா, உங்க கூட இருந்தவங்க எங்கே? உங்க ஒருத்தரைத்தான் உள்ளே விட்டேன். எட்டிப் பார்த்தா, உங்க காலடியில சடை வச்ச பெரியவர் ஒருத்தர் கைகட்டிக் கதை கேக்கறாரு. அவர் மடியில தலை வச்சு ஒரு பையன், உங்க சாயலாவே இருந்தான். நீங்க பாதியில எழுந்தப்போ, 'அப்பா, மேலே சொல்லு'ன்னான். உங்களுக்குக் கேக்கலையா?"

பொறையனார் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார். நங்கையார் வாய்விட்டு அலறியபடி, விரிந்த தலையோடு, கோயிலை நோக்கி ஓடினார்.

கேட்பவன் யாரென்று பாராமல் சொன்னவர். அவர் சொல்ல ஈசனே கீழே அமர்ந்து கேட்டார். அந்தச் சுண்ணாம்புக் கைகளை நாம் தலைமேல் வைத்துக்கொள்வோம்.